நாற்பத்திரண்டு இடது காதுகள்

– காது, மேனேஜரம்மா! காது! அரங்கத்துல முதல் வரிசையிலேர்ந்து கடைசி வரிசை வரைக்கும் நடந்து பாத்துட்டு வரேன். எங்க உக்காந்தாலும் காதுதான் தெரியுது!

– யாரு காது சார்?

– எல்லார் காதும்! கதாநாயகி, கலங்கரை விளக்கம் காக்கற அவ அப்பனா வர்றவர், பின்னாடி பாடுற கோரஸ் நாப்பது பேரு. ஆக நாப்பத்திரண்டு பேரு, ஒருத்தர் பாக்கி இல்லாம இடது காதைக் காட்டிக்கிட்டு நிக்கிறாங்க!

– முதல்ல உக்காருங்க சார். வேர்த்துக் கொட்டுது. ஃபேனைப் போடறேன்.

– ஃபேன் கிடக்கட்டும். நாளைக்கு சாயங்காலம் ஆயிரத்து இருநூறு பேரு டிக்கெட் வாங்கிட்டு வரப் போறாங்க. நாம என்ன காது டாக்டருங்களுக்கு மாநாடா நடத்துறோம்?

– அது சரி, நீங்க எப்படி சார் அரங்கத்துக்குள்ள போனீங்க? ஆறு வாரமா இந்த மானிட்டர் ரூமை விட்டு நகரலையே.

– நானா எங்க போனேன்? ஒத்திகை நடுவுல மானிட்டர் புட்டுக்கிச்சு. சரி, நேர்லதான் பாப்போமேன்னு போனேன். முப்பத்தி நாலு வருஷத்துல ஒரு நடிப்பை மானிட்டர் இல்லாம பாத்தது இன்னைக்குத்தான். நான் சொல்றேன் பாருங்க, பத்தே நிமிஷம், நெஞ்சே நின்னுடுச்சு.

– உள்ளதச் சொல்லணும்னா சார், ஓபரான்னா பாட்டு நாடகம். ஜனங்க நேர்ல வந்து பாக்கறதுக்குத்தான். இந்த மன்றத்துல மானிட்டர் கேட்டு வாங்கின முதல் டைரக்டர் நீங்கதான்.

– எனக்கு மானிட்டர்லதாம்மா கண்ணே தெரியும்! சினிமா எடுத்தப்ப மானிட்டர். சீரியல் எடுத்த பதினோரு வருஷமும் மானிட்டர். என் கல்யாணத்தையே வீடியோவுல போட்டுப் பாத்தப்புறம்தான் பொண்ணு லட்சணமா இருக்கான்னு ஒத்துக்கிட்டேன்.

– அதான் சார், சினிமாப் பழக்கம் விடல உங்களுக்கு. முதல் நாள் நீங்க "கட்"ன்னு கத்தினீங்க. வாத்தியக்காரங்க அறுபது பேரும் அவங்க பாட்டுக்கு வாசிச்சுக்கிட்டே போனாங்க.

– என்னை மதிக்கலைன்னு ரெண்டு நாள் சாப்பிடல தெரியுமா?

– அவங்க முன்னாடி நின்னு தாளத்துக்குக் கோல் பிடிக்கிறவரைத் தவிர யாரையும் பாக்க மாட்டாங்க சார். ரெண்டாவது வாரம் கதாநாயகிக்குத் தொண்டை கட்டிக்கிச்சு. "நீ வாயை மட்டும் அசைம்மா, டப்பிங்ல பாத்துக்கலாம்"னீங்க.

– பழக்கதோஷம்.

– கோரஸுக்கு நாலு பேரு போதும், மிச்சத்தைக் கம்ப்யூட்டர்ல பெருக்கிக்கலாம்னீங்க. அப்புறம் கதாநாயகி கதவைத் திறக்குற இடத்துல மூணு தடவை திரும்பிப் பாக்கச் சொன்னீங்க. ஒரு தடவை திரும்பத்தான் இசை இருக்குன்னு கோல் பிடிக்கிறவர் கோலையே கீழ போட்டுட்டாரு.

– சீரியல்ல மூணு தடவை திரும்பினாதாம்மா ஜனங்களுக்கு ஏதோ நடந்திருக்குன்னு புரியும். என்ன, புரியுதா? அதெல்லாம் பழசு. இப்ப கதைக்கு வாங்க. கேமரா அரங்கத்துல, மேடைக்கு எதிர்ல இருக்கணும். இருக்கா? இல்ல. மேடையோட ஓரத்துல இருக்கு. ஓரத்துல! நான் என்னடான்னா இங்க உக்காந்துக்கிட்டு மைக்ல "கேமராவைப் பாரு, கேமராவைப் பாரு"ன்னு ஆறு வாரமா தொண்டை கிழியக் கத்தியிருக்கேன். புள்ளைங்க சொன்ன பேச்சு கேட்டிருக்கு. ஓரத்தைப் பாத்து அழுதிருக்கு, ஓரத்தைப் பாத்து சிரிச்சிருக்கு. லைட்காரன் ஓரத்துலேர்ந்து லைட் அடிச்சிருக்கான். அந்தக் கலங்கரை விளக்கத்துப் படிக்கட்டைக்கூட ஓரத்தைப் பாத்துல்ல கட்டி வெச்சிருக்கான் தச்சன்!

– நீங்கதான் சார், படி மானிட்டர்ல நேரா தெரியலைன்னு ரெண்டு தடவை பிரிச்சுக் கட்டச் சொன்னீங்க.

– ஒருத்தர்கூடவா வாயைத் திறக்கல?

– கோல் பிடிக்கிறவர் மூணு தடவை சொன்னாரே.

– அவருக்கு என்மேல பொறாமைன்னு நினைச்சேன்.

– மத்தவங்க, பெரிய டைரக்டர், அவார்டெல்லாம் வாங்கினவர், இதுல ஏதோ அர்த்தம் இருக்கும்னு நினைச்சிட்டாங்க. சமுதாயம் முகத்தைத் திருப்பிக்கிச்சுன்னு அர்த்தமாம். கோரஸ்ல ஒருத்தர் எல்லாருக்கும் விளக்கம் சொல்லிட்டிருந்தார்.

– அட! நல்லாயிருக்கே! நாளைக்கு ஜனங்களுக்குக் குடுக்கற புத்தகத்துல அதைச் சேத்துடுங்க.

– புத்தகம் அச்சாயி வந்தாச்சு சார். "முகமே என் மொழி. இந்த மேடையில் நீங்கள் முகங்களை மட்டுமே காண்பீர்கள்"னு நீங்களே எழுதிக் குடுத்து, கீழ கையெழுத்தும் போட்டிருக்கீங்க.

– ஐயோ.

– போன் அடிக்குது சார். சேர்மன்.

– நான் இல்லைன்னு சொல்லிடுங்க.

– ஸ்பீக்கர்ல போட்டுட்டேன் சார்.

– யோவ் டைரக்டர், நீர் இருக்கீருன்னு எனக்குத் தெரியும். காலையில ஒத்திகைக்கு நானும் என் சம்சாரமும் வந்திருந்தோம். அவ உம்ம சீரியலுக்கு ரசிகை. அவ நச்சரிப்பு தாங்காமத்தான் உம்மைக் கூப்பிட்டேன். இப்ப கழுத்து சுளுக்கிக்கிச்சுன்னு படுத்திருக்கா.

– சேர்மன் சார், அது வந்து... அது ஒரு பார்வை சார். சமுதாயம் முகத்தைத் திருப்பிக்கிட்டு...

– சமுதாயத்தை நான் பாத்துக்கறேன். கமிட்டி கூடியிருக்கு. இது யார் தப்புன்னு ரெண்டு மணிக்குள்ள எழுத்துல வரணும். எங்க ஆளு யாராவது செஞ்ச தப்புன்னா, அந்த ஆளை இன்னைக்கே வீட்டுக்கு அனுப்பறேன். நாடகத்தை நாலு நாள் தள்ளி வைக்கறேன். நீர் எல்லாரையும் நேரா திருப்பி நிக்க வெச்சுக்கலாம். உம்ம தப்புன்னா, வேற டைரக்டர் வெளியில சோபாவுல உக்காந்திருக்கார்.

– யாரு சார்?

– ஏதோ டிவியில சமையல் போட்டி எடுத்தவராம். அடக்கமான மனுஷன். மானிட்டர் எல்லாம் கேக்கல. வெச்சுடறேன்.

– வெச்சுட்டார் சார்.

– சமையல் போட்டி! முட்டை வேகறதை எடுத்தவன் என் நாடகத்தைத் தொடறதா?

– தண்ணி குடிங்க சார்.

– மேனேஜரம்மா, உங்ககிட்ட மறைக்கறதுக்கு என்ன இருக்கு? எனக்கு இதை விட்டா போக்கிடம் இல்ல. மூணாவது படம் படுத்ததும் சினிமாக்காரங்க என் போனை எடுக்கறதை நிறுத்திட்டாங்க. சீரியல்ல கதாநாயகியை நான் ஒரு வெள்ளிக்கிழமை சாகடிச்சேன். திங்கக்கிழமை அவ உயிரோட வந்துட்டா, என்னைத் தூக்கிட்டாங்க. அப்புறம் ரெண்டு வருஷம் தண்ணிக் குழாய் விளம்பரம். குழாய்க்கும் குளோசப் வெச்சேன், ஒருத்தரும் கண்டுக்கல. இதுவும் போச்சுன்னா வீட்டுல உக்காந்து நாய்க்குட்டிக்குத்தான் ஆக்ஷன் சொல்லணும்.

– மனசை விடாதீங்க சார். பாத்துக்கலாம்.

– அழுது என்ன ஆகப் போகுது? பேனா எடுங்க. நான் சொல்லச் சொல்ல எழுதுங்க. "மதிப்பிற்குரிய சேர்மன் அவர்களுக்கு. எனது ஆறு வார உழைப்பை ஒரு தனிமனிதரின் அலட்சியம்..."

– "சிதைத்துவிட்டது"ன்னு போடட்டுமா சார்?

– போடுங்க, போடுங்க. "கேமராவை எங்கே வைப்பது என்ற அடிப்படை அறிவுகூட இல்லாத அந்த நபர், கலை என்றால் என்னவென்றே அறியாதவர்."

– "அறியாதவர்." ம்.

– "ஒரு நடிகையின் முகத்தின் அருமை தெரியாத அவரை இந்த மன்றத்தில் ஒரு கணமும் வைத்திருக்கக் கூடாது." நல்லா வருதில்ல?

– உங்க சீரியல் வசனம் மாதிரியே வருது சார்.

– பேருக்கு இடம் விட்டு வைங்க. இப்ப சொல்லுங்க, யாரு அந்தப் புண்ணியவான்? எலக்ட்ரீஷியனா?

– அவர் ஒயரை இழுத்தார், அவ்வளவுதான். எங்க இழுக்கச் சொன்னாங்களோ அங்க.

– யாரு சொன்னது?

– சார், ஒண்ணு கேக்கட்டுமா? நாடகம் நடக்கும்போது நான் எங்க இருப்பேன்னு உங்களுக்குத் தெரியுமா?

– நீங்களா? எங்கயாவது பின்னாடி இருப்பீங்க. எனக்குக் காபி கொண்டாருவீங்க.

– மேடை ஓரத்துல சார். ஒரு மேஜை, ஒரு குட்டி விளக்கு, எட்டு பட்டன். திரை எப்ப ஏறணும், லைட் எப்ப அணையணும், யாரு எப்ப உள்ள நுழையணும், எல்லாம் நான் சொன்னாத்தான் நடக்கும். இருபத்தாறு வருஷமா அந்த மேஜைதான்.

– சந்தோஷம்மா. மணி ஒண்ணே முக்கால் ஆச்சு.

– அந்த இடத்துலேர்ந்து பாத்தா பாடறவங்க வலது காதுதான் சார் தெரியும். எத்தனையோ பேரு காதல்ல விழுந்தாங்க, விஷம் குடிச்சாங்க, புள்ளையைப் பறிகொடுத்தாங்க. எல்லாத்தையும் நான் வலது காதுலதான் பாத்திருக்கேன். முன்னாடி ஜனங்க தேம்பறது கேக்கும். அவங்க எதைப் பாத்து அழறாங்கன்னு எனக்குத் தெரியாது.

– கஷ்டந்தான். அதுக்கும் கேமராவுக்கும் என்ன சம்பந்தம்?

– முதல் நாள் எலக்ட்ரீஷியன் உங்ககிட்ட வந்து, கேமராவ எங்க வைக்கறதுன்னு கேட்டார். நீங்க போன்ல பேசிட்டிருந்தீங்க. "அந்தம்மாவைக் கேளு"ன்னு என்னைக் கையைக் காட்டினீங்க.

– நானா?

– இங்க எது எங்க இருக்கணும்னு ஒருத்தர் என்னைக் கேட்டது அது ஒரு தடவைதான் சார். என் மேஜைக்கு மேல வைன்னு சொல்லிட்டேன்.

– தெரிஞ்சேவா?

– தெரிஞ்சேதான். ரெண்டு நாள் ஆசைக்கு அவங்க முகத்தைப் பாத்துக்கலாம், எப்படியும் டைரக்டர் அரங்கத்துல வந்து உக்காருவார், திட்டிட்டு மாத்திடுவார்னு நினைச்சேன். நீங்க வரவே இல்ல. ரெண்டு தடவை சொல்றதுக்காகவே வந்தேன். காபியை வாங்கிக்கிட்டு கதவைச் சாத்திட்டீங்க.

– அம்மா...

– போன வாரம் கடைசிப் பாட்டு முடிஞ்சு திரை நாலு செகண்ட் லேட்டா இறங்கிச்சே. "இந்த மௌனம்தான் என் முத்திரை, இப்படியே இருக்கட்டும்"னீங்க.

– ஆமா. பிரமாதமான இடம். மூணு பேருகிட்ட போன் பண்ணிச் சொன்னேன்.

– அது நான் பட்டனை அழுத்த மறந்தது சார். கதாநாயகி தன் கையாலேயே அந்தக் கலங்கரை விளக்கை அணைச்சிட்டு, என் கண்ணைப் பாத்து விடை வாங்கிக்கிட்டா. எனக்குக் கண்ணெல்லாம் மறைச்சிடுச்சு. எது பட்டன்னே தெரியல.

– மேனேஜரம்மா, இதைக் கமிட்டிக்கு அனுப்பினா உங்க வேலை போயிடும். அந்தக் காலி இடத்துல என் பேரைப் போடுங்க.

– நிஜமாவா சார்?

– போடுங்கன்னா... இல்ல, இருங்க. என் பேரைப் போட்டா அந்த முட்டைக்காரன் உள்ள வந்துடுவான். சோபாவுல உக்காந்திருக்கான்மா. என்ன, புரியுதா?

– புரியுது சார்.

– எனக்கு மனசே ஆறல. ஆனா மணி ஆயிடுச்சு. என்ன செய்யச் சொல்றீங்க? அந்த இடத்துல... உங்க பேரு என்னம்மா?

– நீங்க முதல் வரி சொல்லும்போதே எழுதிட்டேன் சார், கையெழுத்தைப் போட்டுட்டு போய் எல்லாரையும் நல்லா நேரா திருப்பி நிக்க வைங்க, வேலை போனப்புறம் முதல் தடவையா நான் டிக்கெட் வாங்கிட்டு வந்து முன்னாடி உக்காந்து பாக்கப் போறேன்.