குஸ்மாவுக்கு நான் போட்ட சாப்பாடு

என் வீட்டுக்கு வந்த யாரையும் நான் வெறும் வயிற்றோடு அனுப்பியதில்லை. பீட்டர்ஸ்பர்க்கில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். உங்கள் கேமராக்காரரும் ஒரு கையில் முட்டைக்கோஸ் அடைத்துச் சுட்ட பிரோஷ்கியை வைத்துக்கொண்டுதான் படம் பிடிக்கிறார். பனிக்கட்டித் தரையில் சறுக்கி ஆடும் போட்டியில் ஏழு வருடம் ரஷ்யாவின் சாம்பியனாக இருந்த ரகசியம் என்ன என்று கேட்கிறீர்கள். மற்றவர்களாக இருந்தால் பயிற்சி, கட்டுப்பாடு, தாய்நாடு என்பார்கள். எனக்குப் பொய் வராது. விருந்தோம்பல்தான்.

குஸ்மா பெர்ம் நகரப் பக்கத்திலிருந்து எங்கள் குழுவுக்கு வந்தபோது எனக்கும் அவனுக்கும் இருபது வயது. எலும்பும் தோலுமாக இருந்தான். ஆனால் எழும்பினால் காற்றில் நாலு சுற்றுச் சுற்றிவிட்டுப் பூனை மாதிரி இறங்குவான். நான் நாலாவது சுற்று முடிவதற்குள் தொப்பென்று பனியில் உட்காருவேன். அந்த வருடம் ஐரோப்பியப் போட்டிக்கு எங்கள் இருவரில் ஒருவன்தான் போக முடியும். எங்கள் பயிற்சியாளர் ரைசா கிரிகோரியெவ்னா அவன் ஆடும்போது மட்டும் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொள்வார். எனக்கு வயிறு எரிந்தது, மறைக்க என்ன இருக்கிறது?

விடுதிச் சாப்பாடு அவனுக்குப் பற்றவில்லை. தினமும் வீட்டுக்குக் கூட்டிப் போனேன். வெண்ணெயில் மிதக்கும் இறைச்சிக் கொழுக்கட்டை, கெட்டிப்பால் ஊற்றிய பாலாடைக்கட்டி அடை என்று அம்மா அடுக்குவாள். போதும் என்றால், அம்மா வருத்தப்படுவாள் என்பேன். நான் வெள்ளரிக்காயைக் கடித்தபடி துணைக்கு உட்கார்ந்திருப்பேன்.

காலையில் எல்லோரையும் எடை போட்டுச் சொல்வது குழுத் தலைவனான என் வேலை. ரைசா கிரிகோரியெவ்னாவுக்கு வாய் பொல்லாதது. அரைக் கிலோ ஏறிய ஒருவனிடம், "நீ குதிச்சா கீழ மெட்ரோ ரயில் நின்னுடும்டா" என்றவர். அந்த வாயில் நண்பனைத் தள்ள எனக்கு மனம் வரவில்லை. முதலில் இரண்டு கிலோ, பிறகு நாலு கிலோ குறைத்துச் சொன்னேன். எனக்காகப் பொய் சொல்கிறாயே என்று குஸ்மா என் கையைப் பிடித்துக்கொண்டான். ரைசா கிரிகோரியெவ்னா எப்போதும்போல அவனை நாலு சுற்றே சுற்றச் சொன்னார். கூடிய எடை அத்தனையும் ஒற்றைக் காலில் வந்து இறங்கியது.

டிசம்பரில் கணுக்கால் வலிக்கிறது என்றான். என்னிடம் மட்டும்தான் சொன்னான். வீக்கத்தைத் தொட்டுப் பார்த்தேன். எனக்கும் ஒருமுறை அதே இடத்தில் எலும்பு விரிசல் விட்டிருந்ததால் பார்த்ததுமே புரிந்துவிட்டது.

"டாக்டர்கிட்ட காட்டட்டுமாடா?" என்று கேட்டான்.

"காட்டினா கோச்சம்மா காதுக்குப் போயிடும். உன்னைத் தூக்கிடுவாங்க. எங்கம்மா ஹலதேத்ஸ் பண்றாங்க, வந்து சாப்பிடு. எலும்புக்கு அதைவிட மருந்து கிடையாது."

பன்றிக்காலை நாள் முழுக்கக் கொதிக்கவிட்டு உறைய வைப்பது அது. முறிந்த எலும்பையும் ஒட்டவைக்கும் என்று எங்கள் ஊரில் குழந்தைகூடச் சொல்லும். கடுகு விழுதைத் தொட்டுக்கொண்டு மூன்று தட்டுச் சாப்பிட்டான்.

தேர்வுப் போட்டியில், முதல் தாவலில் இறங்கும்போதே எலும்பு முறிந்தது. அந்தச் சத்தம் எனக்கு நன்றாகக் கேட்டது. அடுத்து ஆடியவன் நான். மூன்று சுற்றோடு நிறுத்திக்கொண்டேன், விழவில்லை. அவன் ஆடி முடித்ததும் வீச ரசிகர்கள் கொண்டுவந்திருந்த பூக்களும் பொம்மைகளும் வீணாகாமல் எனக்கு வந்து விழுந்தன. ஐரோப்பாவுக்கு நான் போனேன். மீதியெல்லாம் உங்களுக்கே தெரியும்.

உங்கள் கேமராக்காரர் மெல்லுவதை நிறுத்திவிட்டார். சாப்பிடச் சொல்லுங்கள், ஆறிப்போகும்.

விரிசல் என்று தெரிந்துதான் ஆட விட்டேனா என்கிறீர்கள். தெரிந்துதான். எடையையும் தெரிந்துதான் குறைத்துச் சொன்னேன். ஆனால் ஒரு வாய்கூட நான் ஊட்டிவிடவில்லை.

அவனைக் கைவிடவும் இல்லை. என் பெயர் வைத்த அரங்கத்தில் பனியைச் சமன் செய்யும் வண்டியை அவன்தான் ஓட்டுகிறான். உட்கார்ந்த வேலை, அந்தக் காலுக்கு ஏற்றது. போன வாரம் என் ஐம்பதாவது பிறந்தநாள் விருந்தில், மேசையைப் பிடித்துக்கொண்டு கோப்பையோடு எழுந்து என்னைக் காட்டினான்.

"இந்த இக்னாஷா மட்டும் இல்லேன்னா நான் என்ன ஆகியிருப்பேன், சொல்லுங்க" என்றான்.

எல்லோரும் கண்ணைத் துடைத்தார்கள். அவன் என்ன ஆகியிருப்பான் என்பது அந்த மேசையில் எனக்கு மட்டும்தான் தெரியும். நல்ல நாளும் அதுவுமாக அவன் மனதை நோகடிப்பானேன் என்று நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.