காலியாக இருந்த இரண்டு சீட்

சந்தக்பூ மலையுச்சிக்கு நடந்து போகிறவர்கள் ஒரு ஜோடி ரப்பர் செருப்பும் எடுத்துக்கொள்வது நல்லது. சாயங்காலம் பூட்ஸைக் கழற்றியதும் அதன் சுகம் தெரியும். நான் எதையும் யோசித்துச் செய்கிறவன். கொல்கத்தா ஜாதவ்பூரில் எங்கள் குடியிருப்பில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

ஸ்ரீநிவாஸ் என் மனைவி வித்யாலக்ஷ்மியின் தம்பி. நாற்பத்தொரு வயது. அவனோடு அந்த மலைக்கு ஏற்கெனவே இரண்டு தடவை போயிருக்கிறேன். முதல் தடவை அவனுக்கு முழங்கால் வலி, அடுத்த தடவை வயிற்றுப்போக்கு. இரண்டு தடவையும் பாதியில் இறங்கினோம். நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இந்த வருஷம் ஜூனில் சென்னைக்குப் போகும்படி எனக்கு மாற்றல் உத்தரவு வந்திருந்தது.

மே மாதம், சேர்ந்தாற்போல் விடுமுறை. கொல்கத்தாவில் பாதி ஜனம் மலையில்தான் இருந்தது. அந்த வெயில் காலத்திலும் எல்லார் தலையிலும் மங்கி கேப். டீக்கு வரிசை, போட்டோவுக்கு வரிசை. மூன்றாம் நாள் மத்தியானம், வழியில் காளிபோக்ரி என்ற ஊரில் ஸ்ரீநிவாஸ் ஒரு கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டான். உதடு நீலம் பூத்திருந்தது.

"அத்திம்பேர், தலை வெடிக்கறது. மூச்சு விட முடியலை. இறங்கிடலாமா?"

கீழே போகும் ஜீப் ஒன்று கிளம்பிக்கொண்டிருந்தது. டிரைவர் தலையை நீட்டி, "தாதா, தோ சீட் காலி ஹை" என்றான். இரண்டு சீட் காலி. உச்சிக்கு இன்னும் ஆறு கிலோமீட்டர்தான்.

கொரோனா சமயத்தில் வாங்கிய, ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு காட்டும் ஆக்சிமீட்டர் என் பையில் இருந்தது. அவன் விரலில் மாட்டிப் பார்த்தேன்.

"எண்பத்தொன்பது. இந்த உயரத்துல இது சாதாரணம்டா. மெள்ள நட."

டிரைவரைப் போகச் சொன்னேன். மிச்ச தூரத்துக்கு ஆறு மணி நேரம் பிடித்தது. அவன் பையையும் நான்தான் சுமந்தேன். அதையும் சொல்ல வேண்டும்.

மறுநாள் விடியற்காலை ஒரு மேகம்கூட இல்லை. அவன் படுக்கையில் இருமிக்கொண்டிருந்தான். நான் வெளியே போய், கூட்டத்தில் முன்னால் இடம் பிடித்து, காஞ்சன்ஜங்காவை நாற்பது நிமிஷம் பார்த்தேன். அறைக்குத் திரும்பியபோது அவன் வாயோரத்தில் இளஞ்சிவப்பு நுரை. ஜீப் பிடித்து இறங்கினோம். பாதி வழியில், என் மடியில், அவன் மூச்சு நின்றது.

பதிமூன்றாம் நாள் காரியம் முடிந்த பிறகு வித்யாலக்ஷ்மி கேட்டாள். "உங்ககிட்ட மெஷின் இருந்ததே, அது ஒண்ணும் காட்டலையா?"

சொன்னேன். "அவனுக்கு எதிர்ப்பக்கம் நின்னு பார்த்தேன். அறுபத்தெட்டைத் தலைகீழாப் பார்த்தா எண்பத்தொன்பது மாதிரி இருக்கும். தப்பாப் படிச்சுட்டேன்."

அவள் வெகுநேரம் அழுதாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க வேணும்னேவா பண்ணேள்? உங்களையே வதைச்சுக்காதீங்கோ" என்றாள். அன்றிலிருந்து தினமும் பக்கத்தில் உட்கார்ந்து, சாப்பிடுங்கோ என்கிறாள். எனக்குத்தான் சோறு இறங்குவதில்லை.

நான் எதிர்ப்பக்கம் நிற்கவில்லை. அவனுக்குப் பக்கத்தில், அதே கல்லில் உட்கார்ந்திருந்தேன். அவன் விரலை என் உள்ளங்கைக்குள் மறைத்துப் பார்த்தேன். எண் நேராகத்தான் தெரிந்தது. அறுபத்தெட்டு. அதற்குப் பிறகுதான் அவன் கையைத் தலைகீழாகத் திருப்பி, அவனுக்குக் காட்டினேன்.