கண்டுகளுக்கும் நித்திரை வேணும்

"கண்டுகளும் நித்திரை கொள்ள வேணுமெல்லோ, அண்ணை."

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு ஜனவரி மாலை, புலம்பெயர்ந்து வந்த குளிர் நகரத்தின் மோர்னிங்சைட் பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் இருந்த பெண் இப்படிச் சொன்னாள். காதைத் திருப்பிக்கொள்ளும் நாகரிகம் எனக்கு வரவில்லை. அவளுக்குப் பக்கத்தில் இருந்த பெரியவர், மட்டை உறையிலிருந்த புது டியூப் லைற் ஒன்றை முழங்கால்களுக்கு நடுவே நிமிர்த்திப் பிடித்திருந்தார்.

"இரவு பகலா லைற் எரிஞ்சால் கறிவேப்பிலைக் கண்டு கருகாமல் என்ன செய்யும்? படுக்கேக்கை லைற்றை நூத்து விடுங்கோ."

"நூக்கேலாது, பிள்ளை."

"ஏன்?"

"கண்டுகளை என்ரை மனிசிதான் முளைக்க வைச்சவ. அவவின்ரை படமும் இப்ப அந்த லைற்றுக்குக் கீழைதான் இருக்கு."

பெண் அவர் பிடித்திருந்த டியூப்பைப் பார்த்தாள். அவரே தொடர்ந்தார்.

"செத்தவீட்டு விளக்கு முப்பத்தொராம் நாள் அந்தியேட்டி வரைக்கும் நூரக்கூடாதெல்லோ. நான் வாடகைக்கு இருக்கிற பேஸ்மன்றிலை எண்ணெய் விளக்கு கொளுத்த வீட்டுக்காரன் விடான், நெருப்புக்குப் பயம். அதுதான் அந்த லைற்றையே விளக்கெண்டு வைச்சிருக்கிறன். அதுவும் நேற்று மினுங்கத் துவங்கிட்டுது. நூர முந்தி இதைப் பக்கத்திலை பூட்ட வேணும்."

பஸ் இரண்டு நிறுத்தங்களைத் தாண்டியது. சப்பாத்துகளில் ஒட்டி வந்த பனி தரையில் கரைந்து ஓடியது.

"அப்ப லைற் எரியட்டும், அண்ணை," என்றாள் அவள். "இரவிலை கண்டுகளை மட்டும் துணி ஒண்டாலை மூடி விடுங்கோ. அதுகளுக்கு இருட்டாயிருந்தால் போதும்."

அவர் டியூப்பை மற்றக் கைக்கு மாற்றினார்.

"அவவின்ரை சீலை கிடக்கு. நாலாய் மடிச்சுப் போர்த்து விடுறன்."