ஒன்பதாவது ஷீட்

பேய்க்கதை என்றால் எப்போதும் யாரோ ஒரு சிநேகிதனுடைய சித்தப்பாவுக்குத்தான் நடந்திருக்கும். அன்று எங்கள் வேன் டிரைவர் சொன்னதும் அப்படித்தான். கட்டடத் தரைகளுக்குப் பூச்சு போடுவது எங்கள் தொழில்; ஊற்றிய பூச்சு காயும்வரை உள்ளே கால் வைக்க முடியாது. வெளியே மழை. வேனுக்குள் ஐந்து பேர் முழங்காலோடு முழங்கால் இடிக்க உட்கார்ந்திருந்தோம்.

"மேஸ்திரி, வாயில என்ன கொழுக்கட்டையா? உங்க சரக்கையும் அவுத்து விடுங்க" என்றார் டிரைவர்.

"என்கிட்ட இருக்கிறது சித்தப்பா கதை இல்ல. என் தம்பிக்கு நடந்தது."

சிரிப்பு நின்றது. தம்பி போய் அப்போது ஒரு வருடம்கூட ஆகவில்லை. அன்று சொன்னதை இங்கே எழுதுகிறேன்.

இரவு பதினொன்றே முக்கால். ஊரைத் தாண்டிய சாலை... கடைசித் தெருவிளக்குக்கு அப்புறம் ஒரு பழைய கிடங்கு. பகலில் பாதிக் கிடங்கில் ஆட்கள் பெட்டி கட்டுவார்கள். தூசு பறக்கக் கூடாது என்பதால் எங்களுக்கு ராத்திரி வேலை. நானும் தம்பியும் மட்டும்.

கான்கிரீட் மேல் அப்படியே பூச்சு ஊற்றினால் ஒட்டாது. மேல்தோலை அரைத்து எடுக்க வேண்டும். தம்பி கிரைண்டிங் மெஷினைத் தள்ளுவான். நான் தூசு உறிஞ்சுகிற வாக்யூமோடு பின்னால் போவேன். பதினைந்து வருடமாக அப்படித்தான். மாஸ்க் போட்டால் பாட்டு வராது என்று கழுத்துக்கு இறக்கிவிட்டுக்கொள்வான்.

"வாயை மூடுடா, தூசி போகுது."

"எல்லாத்தையும் மூடுறதுதானே உன் வேலை. என்னையாவது விடுண்ணே."

மூன்று ராத்திரியில் தரை தயார். மாவு பூசிய மாதிரி வெளுத்துக் கிடந்தது. அடுத்தது ஈரச் சோதனை. ஒரு முழம் அகல பிளாஸ்டிக் ஷீட்டைத் தரைமேல் விரித்து, நாலு ஓரத்தையும் டேப் போட்டு ஒட்டிவிட்டு ஒரு நாள் விட வேண்டும். கீழே ஈரம் இருந்தால் ஷீட்டின் உட்புறம் பனி பூக்கும். பூத்தால் பூச்சு போடக் கூடாது. ஒன்பது இடத்தில் ஒட்டினோம்.

மறுநாள் ராத்திரி டார்ச் அடித்துப் பார்த்தோம். எட்டு ஷீட் சுத்தம். நடுவில் இருந்த ஒன்பதாவதில் மட்டும் உள்ளங்கை அகலத்துக்கு வெள்ளையாகப் பனி.

"ஈரம்தான். நாசமாப் போச்சு" என்றேன்.

"இரு... பாரு" என்றான்.

பனி சுருங்கியது. துடைத்த மாதிரி மறைந்தது. கொஞ்சம் பொறுத்து... மறுபடி பூத்தது. மறைந்தது. பூத்தது.

ஈரம் ஏறினால் ஏறினதுதான். அது இப்படி வந்து வந்து போகாது.

தம்பி மண்டியிட்டு உட்கார்ந்தான். நெஞ்சில் கை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தான். பிறகு மூச்சை அடக்கினான். ஷீட் தெளிந்தது. தெளிந்தபடியே இருந்தது. அவன் கழுத்து நரம்பு புடைத்து, முகம் கருத்து... கடைசியில் 'ஹா' என்று விட்டான். அதே நொடியில் பனி குப்பென்று பூத்தது.

"வித்தை காட்டாதடா."

"நீ அடக்கிப் பாரேன்."

அடக்கினேன். நெஞ்சு எரிகிற வரைக்கும் அடக்கினேன். பனி என்னைக் கண்டுகொள்ளவே இல்லை. அவன் மூச்சோடு வந்து, அவன் மூச்சோடு போனது.

"கீழ ஏதாவது பழைய குழாய் போகும், காத்து அடிக்குது" என்று எழுந்துவிட்டேன்.

அவன் எழவில்லை. "அண்ணே... இந்த ஒரு இடத்தை மட்டும் விட்டுடு. மூடிடாத."

"தரை நடுவுல ஓட்டை விட்டுட்டு என்னடா பதில் சொல்றது? திங்கக்கிழமை சாமான் அடுக்குற ரேக் வருது."

"என்னவோ சொல்லு. மூடாத."

அடுத்த ராத்திரி, "உனக்கு உடம்பு சுடுது, வீட்டுல படு" என்று அவனை நிறுத்திவிட்டுத் தனியாக வந்தேன். ஒன்பதாவது ஷீட்டைப் பிய்த்தேன். தரை ஜில்லென்று இருந்தது. ஹீட்டரை அரை மணி நேரம் காட்டினேன். அது மேல்தோலைத்தான் காய வைக்கும், அடி ஈரத்தைத் தொடாது. இந்தத் தொழிலில் முதல் வாரமே தெரிந்துவிடுகிற விஷயம். அவசரத்தில் எல்லோரும் செய்கிற தப்பும் இதுதான். ஊற்றினேன். அந்த இடத்தில்தான் முதலில் ஊற்றினேன்.

பூச்சு கண்ணாடி மாதிரி வந்தது. ஈரத்தின்மேல் ஊற்றியது இரண்டே நாளில் கொப்பளிக்க வேண்டும். ஒரு கொப்புளமும் எழவில்லை. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

மூன்றாம் நாள் தம்பி வந்து பார்த்தான். திட்டுவான் என்று நினைத்தேன். அவனோ சுவரில் சாய்ந்துகொண்டான்.

"அண்ணே... கதவைக் கொஞ்சம் திற."

கதவு திறந்துதான் இருந்தது.

"ஐயோ மேஸ்திரி" என்றார் டிரைவர் வேனுக்குள். யாரோ அவரை அதட்டினார்கள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் எக்ஸ்ரே படத்தைத் தூக்கி விளக்குக்கு எதிரே காட்டினார். நுரையீரல் முழுக்கத் தூசு என்றார். எத்தனை வருடமாக இந்த வேலை என்று கேட்டார். அதே பதினைந்து வருடம்தான் நானும் அந்தத் தூசுக்குள் இருந்தேன். ஆனால் அது ஒரே மாதத்தில் அவனைப் படுக்க வைத்துவிட்டது. மூக்கில் குழாய். விசிலடிக்கிற மாதிரி மூச்சு. ஒரு சாயங்காலம் என் சட்டையைப் பிடித்து இழுத்து, காதோரம் சொன்னான்.

"மேல என்னமோ ஊத்தின மாதிரி இருக்குண்ணே... பளபளன்னு..."

அவன் மனைவியிடம், "பார்த்துக்கம்மா, வந்துடுறேன்" என்றேன்.

"இந்த நேரத்துல எங்க மாமா?"

வண்டியை எடுத்தேன். மணி ஒன்று. மறுபடி அதே சாலை. வண்டியில் கை கிரைண்டர், வாக்யூம், ஒரு ஷீட், ஒரு டேப்.

வாட்ச்மேன் டார்ச்சோடு வந்தார். "போன மாசம் போட்ட தரை, இந்த மாசமே உடைக்கிறீங்களா? நல்ல பொழப்பு மேஸ்திரி. எனக்கும் ஒண்ணு வாங்கிக் குடுங்க."

"கதவைத் தெறங்க."

என் முகத்தைப் பார்த்துவிட்டுத் திறந்தார்.

ரேக்குகள் வரிசையாக நின்றன. நல்லவேளை, அந்த இடம் நடைபாதையில் வந்திருந்தது. அளந்து பார்க்கத் தேவைப்படவில்லை. கால் கொண்டுபோய் விட்டது. கிரைண்டரைப் போட்டேன். பூச்சு சூடேறி மசிந்து கிரைண்டர் கல்லில் அப்பிக்கொண்டது. கருகிய நெடி. கல்லைத் துடைத்துத் துடைத்து அரைத்தேன். மாஸ்க் போட மறந்திருந்தேன். ஒரு முழ அகலத்துக்கு வெறும் கான்கிரீட் தெரிந்ததும் தூசை உறிஞ்சி எடுத்துவிட்டு ஷீட்டை ஒட்டினேன். டேப் கையில் சுருண்டு சுருண்டு ஒட்டியது.

பனி பூக்க ஒரு நாளாவது ஆக வேண்டும். எனக்கு ஒரு நாள் ஏது? பக்கத்திலேயே படுத்து, கன்னத்தைத் தரையில் வைத்துக்கொண்டு பார்த்தேன்.

ஒன்றுமில்லை... ஒன்றுமில்லை...

பூத்தது.

சின்னதாக, ஒரு நகம் அளவுக்கு. மறைந்தது. அடுத்தது பெரிதாக. அதற்கடுத்தது ஷீட் முழுக்க. இழுப்பு இல்லை. திணறல் இல்லை. நிதானமாக வந்து, நிதானமாகப் போனது. எனக்கு அழுகையாக வந்தது. பிழைத்துக்கொண்டான் என்று வாய்விட்டுச் சொன்னேன். ஆளில்லாத கிடங்கில் என் குரல் எங்கேயோ போய் இடித்துத் திரும்பியது.

போன் அடித்தது. தம்பி மனைவி.

"மாமா... முடிஞ்சுபோச்சு மாமா. ரெண்டு மணிக்கே... கூப்பிட்டுக்கிட்டே இருக்கேன், நீங்க எடுக்கவே இல்ல..."

கிரைண்டர் சத்தத்தில் கேட்டிருக்காது. கடிகாரத்தைப் பார்த்தேன். மூன்றாகப் பத்து நிமிடம் இருந்தது.

ஷீட்டைப் பார்த்தேன். பூத்தது. மறைந்தது. பூத்தது.

போன் நழுவி ஷீட்டின் ஓரமாகத் தரையில் விழுந்தது. எடுக்கவில்லை. அவள் அழுகிற சத்தம் சின்னதாகக் கேட்டுக்கொண்டிருந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், அதைத் தவிர அங்கே எனக்கு வேறு ஒரு சத்தமும் கேட்கவில்லை.

திடீரென்று அவள் அழுகையை நிறுத்தினாள். கொஞ்ச நேரம் கவனித்துக் கேட்கிற மாதிரி அமைதி. பிறகு மெல்ல, யாரையும் எழுப்பிவிடக் கூடாது என்பதுபோலக் கேட்டாள்.

"மாமா... உங்க பக்கத்துல யாரு தூங்குறது?"