சுண்ணாம்புக் கோடு

பசுவை விற்ற பிறகு வீட்டில் காபியின் ருசி போய்விட்டது என்று என் மனைவி ஸ்யாமளா இன்றுவரை குறைபட்டுக்கொள்கிறாள். அவள் சொல்வது உண்மைதான். ஆனால் பசு போனால்தான் கொட்டில் காலியாகும், கொட்டில் காலியானால்தான் மோட்டார் வண்டி கட்ட இடம் கிடைக்கும். சிம்மக்கல் பக்கம் எங்கள் தெருவில் வீடுகள் ஒன்றையொன்று உரசிக்கொண்டு நிற்பவை. வேறு இடமில்லை.

மாஜிஸ்திரேட் ஐயா, வாயால் சொல்லச் சொன்னீர்கள், எழுதித் தருகிறேன் என்றேன். பதினெட்டு வருஷம் கரும்பலகையில் எழுதிப் பழகிய கை. எழுதினால்தான் எனக்கு எதுவும் வரிசையாக வரும். பேச்சிமுத்து எப்படிச் செத்தான் என்பதுதான் உங்கள் கேள்வி. வண்டியைப் பற்றி முதலில் சொல்லாவிட்டால் அது விளங்காது.

நான் ஹைஸ்கூலில் விஞ்ஞானம் கற்பிக்கிறவன். 1935-ல் ஓர் அமெரிக்கப் பத்திரிகையில் ஒரு விஷயம் படித்தேன். அங்கே சிலர் பழைய வண்டியை வாங்கி, மட்கார்டு முதலான பாரங்களைக் கழற்றிப் போட்டு, கூரையைத் தாழ்த்தி, பெரிய வண்டியின் எஞ்சினை அதில் வைத்து, வீட்டிலேயே பந்தய வண்டி கட்டுகிறார்களாம். எனக்குத் தூக்கம் போயிற்று. சோழவந்தானில் வெற்றிலைக் கொடிக்காலுக்குள் உருண்டு கிடந்த இருவர் உட்காரும் கூப் வண்டி ஒன்றை மாட்டுவண்டியில் ஏற்றிக் கொண்டுவந்தேன். நொறுங்கிப்போன ஒரு பஸ்ஸிலிருந்து எட்டு சிலிண்டர் எஞ்சின் கிடைத்தது.

வண்டிக்கான படங்கள் அனைத்தையும் வரைந்தது நான். இதைத் தயவுசெய்து குறித்துக்கொள்ள வேண்டும்.

கைவேலைக்கு ஓர் ஆள் வேண்டியிருந்தது. பஸ் பட்டறையில் பிட்டராக இருந்த பேச்சிமுத்து, லீவு நாட்களில் வருவதாகச் சொன்னான். திருவாதவூர்க்காரன், முப்பது வயதிருக்கும். அவன் தகப்பன் பாட்டன் எல்லாம் பிறர் வயலில் கூலி வேலை செய்தவர்கள். இவன் ஒருவன்தான் பஸ்ஸுக்கு அடியில் மல்லாந்து படுத்துத் தொழில் கற்றுக்கொண்டவன்.

நான் ஜாதி வித்தியாசம் பாராட்டுகிறவன் அல்ல. தெருவில் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள் என்பதால் அவனைப் பின்சந்து வழியாக வரச் சொன்னேன். கொட்டில்வரை தாராளமாக வரலாம். தாகமெடுத்தால் ஸ்யாமளா செம்பை உயரத் தூக்கி ஊற்றுவாள், அவன் கைகளைக் குவித்துக் குடிப்பான். மத்தியானம் தன் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு சந்துக் கடைசியில் இருக்கும் வேப்பமரத்தடிக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வருவான். இரண்டு வருஷத்தில் ஒரு நாள்கூட அவன் முகம் சுளித்ததில்லை.

இதனால் ஒன்று நேர்ந்தது. நான் அதைத் திட்டமிடவில்லை. பின்சந்தில் வந்து போகிறவனைத் தெருவில் ஒருவரும் பார்க்கவில்லை. சுத்தியல் சத்தம்தான் எல்லார் காதிலும் விழுந்தது. எதிர்வீட்டுச் சொக்கநாதன், போஸ்ட்மாஸ்டராக இருந்து ரிட்டயரானவர், ஒருநாள் என்னை நிறுத்தி, "ஓய் ஹாலாஸ்யம், ஒண்டி ஆளா நின்னு மோட்டாரே கட்டறீராமே" என்றார். நான் சிரித்தேன். சிரித்ததைப் பொய் என்று எந்தச் சட்டமும் சொல்லாது என்று நினைக்கிறேன்.

பேச்சிமுத்துவின் வேலையில் ஒரு பழக்கம் உண்டு. அதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு நட்டை முறுக்கி, அது கழலாமல் குறுக்கே பின் என்கிற கம்பி ஊசியைச் செருகி மடக்கிய பிறகு, மடியிலிருந்து சுண்ணாம்பை எடுத்து, நட்டுக்கும் போல்ட்டுக்கும் சேர்த்து விரலால் ஒரு வெள்ளைக் கோடு இழுப்பான். நட்டு துளி அசைந்தாலும் கோடு உடைந்து காட்டிக்கொடுத்துவிடும். வண்டியை நகர்த்துவதற்கு முன் ஒவ்வொரு கோடாகக் குனிந்து பார்ப்பான். கோடு சரியாக இருந்தால் அதற்கு மேல் சந்தேகப்பட மாட்டான்.

ஸ்டியரிங் கம்பிகளுக்கு நான் போட்ட படத்தை அவன் வெகுநேரம் பார்த்தான். "படம் அம்புட்டு அழகா இருக்கு சாமி. ஆனா இப்பிடி மாட்டுனா வளைவுல சக்கரம் சட்டத்துல இடிக்கும். கொஞ்சம் தள்ளி வச்சுக்கிருவமா?" என்றான். சிறு மாறுதல்தான். கூரையை அறுத்து நாலு அங்குலம் இறக்கியது, பஸ் எஞ்சின் உட்காரச் சட்டத்தை வெட்டி ஒட்டியது, பிரேக்கை மாற்றியது, இவையும் அப்படிப்பட்ட சிறு மாறுதல்களே.

எஞ்சினை முதலில் கிளப்பிய அன்று கொட்டில் ஓடுகள் ஆடின. நான் வைக்கோலுக்குப் பின்னால் போய் நின்றிருந்தேன். எப்படி அங்கே போனேன் என்று எனக்கே தெரியாது. அன்றுதான் பயம் எனக்குள் வந்தது. அதற்கு முன் அந்த வண்டியைக் காகிதத்தில் மட்டுமே ஓட்டியிருந்தேன்.

போன மார்கழியில் வண்டியூருக்கு அப்பால் ஒரு பொட்டலில் நான் ஓட்டிப் பார்த்தேன். பேச்சிமுத்து பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். நாற்பது மைல் வேகம் தாண்டியதும் கண்ணில் எதுவும் தெரியவில்லை. கையை எடுத்து முகத்தை மூடிக்கொண்டேன். அவன்தான் குறுக்கே சாய்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்து, வண்டியை நிறுத்தினான். இறங்கியபோது என் வேட்டி நனைந்திருந்தது. அவன் பார்த்தான். பார்த்துவிட்டு, "ரேடியேட்டர் தண்ணி தெறிச்சிருச்சு போல சாமி, மூடிய நல்லா இறுக்கணும்" என்று சொல்லித் துடைக்கும் துணியை நீட்டினான்.

அவன் அன்று சிரித்திருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்காது.

அதற்குள் பத்திரிகையில் என் படம் வந்துவிட்டது. தனியொருவராக மோட்டார் கட்டிய மதுரை ஆசிரியர் என்று போட்டிருந்தார்கள். ஊரில் மோட்டார் வைத்திருப்பவர்கள் நடத்தும் சங்கம் ஒன்று என்னை அழைத்துப் பாராட்டி, தை மாதம் இரண்டாவது ஞாயிறன்று தல்லாகுளத்திலிருந்து மேலூர்வரை நானே வண்டியை ஓட்டிக் காட்ட வேண்டும் என்றது. அறுபது மைல் வேகத்துக்குக் குறையக் கூடாதாம். நான் ஒப்புக்கொண்டேன். பதினைந்து பேர் கைதட்டிக்கொண்டிருக்கும்போது மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? அன்றிலிருந்து பாதிச் சோற்றில் எழுந்துவிடுவேன். வகுப்பில் கரும்பலகையில் எழுதுவதை விட்டுவிட்டு வாயாலேயே பாடம் நடத்தினேன்.

பேச்சிமுத்து பத்திரிகையைப் பார்த்தான். "படம் தெளிவா விழுந்திருக்கு சாமி" என்றான். பிறகு எஞ்சினைத் துடைத்துக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் பேசினான்.

"ஞாயித்துக்கெழம நீங்க ஓட்டுங்க. நான் கூட்டத்துல ஒருத்தனா நின்னு பாத்துக்கிறேன். எனக்கு ஒண்ணே ஒண்ணு சாமி. வெள்ளிக்கெழம, எங்க ஊரு வரைக்கும் ஒருவாட்டி எடுத்துட்டுப் போயிட்டு வாரேன். போகயில உங்க முன்தெரு வழியாப் போறேன்."

"முன்தெரு எதுக்கு?"

"ரெண்டு வருசமா சந்துலயே வந்து போறேன் சாமி. ஒரு நா அந்தப் பக்கம் எப்பிடி இருக்குன்னு பாப்பமேன்னுதான்."

சரி என்றேன். வேறென்ன சொல்ல முடியும்? நியாயமான ஆசை. ஆனால் ஐயா, அன்று மாலை முழுவதும் எனக்கு ஒரே காட்சிதான். அவன் என் வண்டியில் தெருவில் வருகிறான். சொக்கநாதன் கைகாட்டி நிறுத்தி, யாரப்பா நீ என்று கேட்கிறார். அவன் பொய் சொல்லத் தெரியாதவன். கேட்டால் சொல்லிவிடுவான், அவ்வளவுதான். பத்திரிகை, சங்கம், பள்ளிக்கூடம், எல்லாருக்கும் தெரிந்துவிடும். வேட்டி நனைந்த விஷயமும் ஒருநாள் வெளியே வரும். அப்படித் தப்பினாலும் ஞாயிற்றுக்கிழமை என்னை விடாது. என்னால் அந்த வண்டியில் உட்கார முடியாது. வெள்ளிக்கிழமையும் பயம், ஞாயிற்றுக்கிழமையும் பயம். வண்டியும் அவனும் சேர்ந்து இல்லாமல் போனால் இரண்டு பயமும் போய்விடும் என்று தோன்றியது. எந்த வழியில் யோசித்தாலும் இதே விடைதான் வந்தது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அவன் தூக்குவாளியோடு வேப்பமரத்தடிக்குப் போனான். எங்கள் வீட்டில் அவன் சாப்பிடும் வழக்கம் இல்லாததால்தான் எனக்கு அந்த இருபது நிமிஷம் கிடைத்தது. கொட்டில் கதவைச் சாத்தினேன். இடது முன்சக்கரத்துக்குப் பின்னால் ஸ்டியரிங் கம்பி சேரும் இடத்தில், பின்னின் முனைகளைக் குறட்டால் நிமிர்த்தி உருவினேன். நட்டை ஓரிரு மரை மட்டும் பிடித்திருக்கும்படி தளர்த்தினேன். துளையைக் கிரீஸ் வைத்து மூடினேன். என் வெற்றிலைப் பெட்டியில் இருந்த சுண்ணாம்பால் புதிதாக ஒரு கோடு இழுத்தேன். அவன் கோடுகளைவிட அது நேராகவே வந்தது. பின்னை மடியில் செருகிக்கொண்டேன்.

அவன் வந்து, முகம் கழுவி, வெளுத்த சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டான். வழக்கப்படி குனிந்து கோடுகளைப் பார்த்துக்கொண்டு வந்தான். நான் போட்ட கோட்டின் மேல் அவன் கண் நின்றது. பிறகு நகர்ந்தது. "எல்லாம் சரியா இருக்கு சாமி" என்றான்.

வண்டியைச் சந்துக்குத் தள்ளினோம். ஸ்யாமளா தாம்பாளத்தில் நாலு எலுமிச்சம்பழம் கொண்டுவந்தாள். "ஏன்னா, மொத மொதல்ல தூரமாப் போறது. நாலு சக்கரத்துக்கும் நீங்களே வெச்சுடுங்கோ" என்றாள். நான் குனிந்து வைத்தேன். இடது முன்சக்கரத்துக்கு வைக்கும்போது அந்த நட்டு என் கண்ணுக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. உருவிய அந்தப் பின் என் இடுப்பில் குத்திக்கொண்டிருந்தது. ஸ்யாமளாவை உள்ளே அனுப்பிவிட்டு, ஒரு நிமிஷம் பொறு பேச்சிமுத்து என்று சொல்லியிருக்கலாம். பழத்தைச் சக்கரத்துக்கு அடியில் நன்றாகத் தள்ளி வைத்துவிட்டு எழுந்தேன்.

அப்போது சந்துக் கோடியிலிருந்து ஒரு பெண் வந்தாள். அவன் மனைவி ராமக்காள். புதுச் சுங்குடிப் புடவை கட்டித் தலை நிறையப் பூ வைத்திருந்தாள். அவள் வரப்போவதை அவன் எனக்குச் சொல்லவில்லை. இரண்டு பேர் என்பது என் யோசனையில் இல்லவே இல்லை. இதை நீங்கள் நம்ப வேண்டும். அவள் என்னைக் கும்பிட்டுவிட்டு, "பயமா இருக்கு சாமி, மெதுவா ஓட்டச் சொல்லுங்க" என்றாள். நான் அவனிடம், "மெதுவாப் போ" என்றேன். அவன் சிரித்தான். பழங்கள் நசுங்கின.

நான் வீட்டுக்குள் புகுந்து வாசலுக்கு வந்தேன். வண்டி முன்தெருவில் மெதுவாக வந்தது. திண்ணைகளில் எல்லாரும் எழுந்து நின்றார்கள். "யார் ஓய் ஓட்டறது?" என்று சொக்கநாதன் கேட்டார். "கூலிக்குப் பிடிச்ச டிரைவர்" என்றேன். என் வீட்டைத் தாண்டும்போது பேச்சிமுத்து தலையை லேசாகத் தாழ்த்தினான். யாரும் அவனை நிறுத்தவில்லை. யாரும் அவனை ஒன்றும் கேட்கவும் இல்லை. நான் பயந்த எதுவும் நடக்கவில்லை. தெருமுனை திரும்பும்வரை எனக்கு நேரம் இருந்தது. ஓடிப்போய்க் கையை நீட்டியிருந்தால் போதும். கூப்பிட்டால் ஏன் கூப்பிட்டேன் என்று கேட்பார்களே என்று நின்றுவிட்டேன்.

ஜட்கா ஓட்டும் அழகுமலை ஐந்து மணிக்கு வந்து சொன்னான். யானைமலை தாண்டி, நேரான ரோட்டில், வண்டி தானாகத் திரும்பிப் புளியமரத்தில் மோதிவிட்டது. பேச்சிமுத்துவை மரத்துக்கும் எஞ்சினுக்கும் நடுவிலிருந்து எடுக்க வேண்டியிருந்தது. எனக்கு அப்போது வந்தது அழுகை அல்ல. ஞாயிற்றுக்கிழமை இனி இல்லை என்றுதான் மனசு சொல்லிற்று. அன்று இரண்டு வாய் சோறு அதிகமாகச் சாப்பிட்டேன்.

பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் ராமக்காளைப் பார்த்தேன். முழங்காலுக்குக் கீழே வலது கால் இல்லை. "அவரு முறுக்குன நட்டு கழலாது சாமி. ஊர்ல நட்டு கழண்டுக்கிருச்சு, அவரு வேல மட்டம்னு சொல்லுறாக. நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க சாமி" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். விதி என்று சொல்லிவிட்டு வந்தேன். அவள் அழுகையை என்னால் தாங்கிக்கொள்ள முடிந்தது. அதைச் சொல்ல வெட்கமாக இருந்தாலும் சொல்லிவிடுகிறேன்.

தாங்க முடியாதது போன வாரம் வந்தது. போலீஸ் அறிக்கையை எனக்குப் படித்துக் காட்டினார்கள். தொழில் அறியாத ஒருவர் வீட்டில் கட்டிய வண்டி, வேலைப்பாடு மட்டம், நட்டு தானாகக் கழன்றிருக்கிறது என்று அதில் இருந்தது. தொழில் அறியாத ஒருவர் என்றால் நான். சங்கத்துக்காரர்களும் அதை நம்புகிறார்கள். பள்ளிக்கூடத்தில் என்னைக் கண்டால் பேச்சை நிறுத்துகிறார்கள். ஆகையால்தான் நானே உங்களைத் தேடி வந்தேன். அந்த நட்டு தானாகக் கழலவில்லை. நான் கழற்றினேன். பேச்சிமுத்துவை நான்தான் கொன்றேன். நான் உருவிய அந்தப் பின் இதோ, இந்தக் காகிதத்தோடு வைத்திருக்கிறேன். வேலைப்பாட்டில் எந்தக் குறையும் இல்லை என்பதற்கு இதைவிட அத்தாட்சி வேண்டியதில்லை.

கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒரு திருத்தம். நீங்கள் கொடுத்த படிவத்தில் வண்டியைக் கட்டியவர் யார் என்ற இடம் காலியாக இருக்கிறது. ஹாலாஸ்யம், பி.ஏ., எல்.டி. என்று எழுதிக்கொள்ளுங்கள்.