பரணில் போட்ட கதைப் புத்தகம்

"உங்க வீட்டுல யாரு புத்தகத்தத் தொட்டிருக்கா? நீ பிள்ளைகள வீட்டுல படிக்க வச்சுருவியாக்கும்?" நான் ஆசிரியை ஆனபோது பக்கத்து வீட்டு அக்கா கேட்டது. எங்கள் வீட்டில் முதலில் படித்தவள் நான்.

நேற்று இராஜபாளையம் பேருந்தில் என் முன் இருக்கையில் இரண்டு பெண்கள். வீட்டிலிருந்தே கம்பெனிக்குப் பேண்டேஜ் துணி சுற்றிக் கொடுப்பவர்கள்.

"ஏட்டி, உம்மவ தானா கதைப் புத்தகம் படிக்காளாமே! என்ன சொக்குப்பொடி போட்ட?"

"நான் எங்க படிக்கச் சொன்னேன்? புத்தகத் தூசி வெள்ளைத் துணியில ஒட்டுனா கம்பெனில திருப்பி விட்டுருவாங்கன்னு பரண்ல தூக்கிப் போட்டேன். எங்கூட துணி சுத்தி முடிச்சதும் அவளே ஏறி எடுத்துருதா."

"நான் கெஞ்சுதேன், எம்மவ திரும்பிப் பாக்க மாட்டேங்கா. வயிறு எரியுதுட்டி."

"நீயும் பரண்ல போடு."

"தகரக் கொட்டகையில பரணுக்கு எங்க போவேன்?"

எனக்கும் எரிந்தது. வகுப்பில் தினமும் கெஞ்சிக் கெஞ்சிப் புத்தகம் கொடுத்தனுப்புபவள் நான். படி என்று ஒரு வார்த்தை சொல்லாத அந்தப் பரண்காரி வீட்டில் பிள்ளை படிக்கிறது.

இன்று காலை கதைப் புத்தகங்களையெல்லாம் வகுப்பு அலமாரியின் மேல்தட்டில் ஏற்றி, "கணக்கு முடிச்சவங்களுக்கு மட்டுந்தான்" என்று சொல்லிப் பூட்டிவிட்டேன்.