ரெஜினா இறங்கிய இடம்

டீ வேண்டாம் சார். காலையில் மைதானத்துக்குக் கிளம்பும்போதே இரண்டு டம்ளர் குடித்துவிடுவேன். திவ்யாவைப் பற்றி விசாரிக்கத்தான் ஸ்டேஷனுக்கு அழைத்தீர்கள் என்று தெரியும். அதற்கு முதலில் ரெஜினாவைச் சொல்ல வேண்டும்.

திருப்போரூரில் பதினோரு வருடமாகப் பெண் பிள்ளைகளுக்குக் கூடைப்பந்து சொல்லித்தருகிறேன். ரெஜினாவைக் கண்டெடுத்தது நான். அவள் அம்மா ஜெசிந்தா படூர் அடுக்ககங்களில் துப்புரவு வேலை பார்க்கிறார். பதினைந்து வயதில் மாவட்டத்தில் அவளைத் தடுக்க ஆளில்லை. அணி நாற்பது புள்ளி எடுத்தால் முப்பது அவளுடையது. எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். நான் மற்ற நால்வரைப் பார்த்தேன். பந்து கைக்கு வந்தால் அவளிடம் தள்ளிவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். அவர்களில் திவ்யாவுக்கு ஆட்டத்தைப் படிக்கிற கண் உண்டு. ஆனால் ரெஜினா இருக்கும்வரை அவள் பந்து எடுத்துக் கொடுக்கும் தோழி, அவ்வளவுதான்.

ரெஜினாவை பெஞ்சில் உட்காரவைத்தும் பார்த்தேன். பிள்ளைகளின் கண் பெஞ்சிலேயே இருந்தது. அவள் கெட்ட பெண் இல்லை, அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

எம்பி எறிபவர் இறங்கும் இடத்தில் இன்னொரு கால் இருக்கக் கூடாது. கால் போய்விடும். ஜூன் மாதம் ஒரு பயிற்சியில் திவ்யாவைத் தனியே கூப்பிட்டு, ரெஜினா எம்பியதும் தடுக்கிற மாதிரி அவள் பக்கம் ஓரடி முன்னால் போய் நில் என்றேன். எப்படி என்று நின்றும் காட்டினேன்.

"எம் மேல எறங்கிட்டா இன்னா சார் பண்றது?" என்று கேட்டாள்.

"அவ பாத்துப்பா," என்றேன்.

நாலாவது தடவை ரெஜினா அவள் கால்மேல் இறங்கினாள். முழங்கால் மடங்கிய சத்தம் கோட்டுக்கு வெளியே நின்ற எனக்கே கேட்டது. செங்கல்பட்டில் ஆஸ்பத்திரி வராந்தாவில் ஜெசிந்தா கேட்டது ஒன்றுதான்: "மறுபடி குதிப்பாளா சார்? அத மட்டும் சொல்லுங்க." குதிப்பாள் என்றேன். மாட்டாள் என்று டாக்டர் அதற்கு முன்பே என்னிடம் சொல்லியிருந்தார்.

அன்று சாயங்காலம் திவ்யா என் வீட்டு வாசலில் நின்றாள். "நீங்க சொன்ன மாதிரி நிக்கத் தெரியாம நின்னுட்டேன் சார். அவள நான்தான் கெடுத்துட்டேன்," என்றாள்.

நான் மறுக்கவில்லை. அடுத்த நாளிலிருந்து அவள் ஓடிய ஓட்டத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அவளைப் பார்த்து மற்றவர்களும் ஓடினார்கள். டிசம்பரில் மாவட்ட இறுதியாட்டத்தில் எங்களில் யாரும் தனியாகப் பதினொரு புள்ளிக்கு மேல் எடுக்கவில்லை. ஐந்து பேரும் எடுத்தார்கள், ஜெயித்தோம். ஒரு முழங்காலுக்கு நான் வருந்த வேண்டுமென்றால் அந்தக் கோப்பைக்கும் வருந்த வேண்டும். என்னால் முடியாது.

திவ்யா சரியாகச் சாப்பிடுவதில்லை என்று அவள் அப்பா தர்மராஜ் சொல்லிக்கொண்டுதான் இருந்தார். பொறாமையில் வேண்டுமென்றே செய்தேன் என்று அவளே உங்களிடம் எழுதிக்கொடுப்பாள் என்று நான் நினைக்கவில்லை. அது பொய். செய்தது நான். யோசித்து, இடம் பார்த்து, நாள் பார்த்துச் செய்தேன். அவளுக்கு ஒன்றும் தெரியாது. எட்டு மாதம் அதை அவளிடம் சொல்லாமல் இருந்ததும் நான்தான். சொல்லியிருந்தால் அவள் அப்படி ஓடியிருக்க மாட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மாமல்லபுரத்தில் அவளுக்கு ஆட்டம் இருக்கிறது. அன்று காலை எட்டு மணிக்குள் அவளை அனுப்பிவிடுங்கள். என்னையும் கூடவே அனுப்ப வேண்டும் சார். நான் பக்கத்தில் இல்லாவிட்டால் அந்தப் பிள்ளை உடைந்துபோவாள்.